20 நிமிட உரையில் மேளமும் ஆட்டமும்: இசை, நடன ஆய்வு மாநாட்டுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: அடவுக்கணக்கு

வணக்கம். மரபு இசை, நடன ஆய்வுக்கான சர்வதேச மாநாடு ஒன்றில் தனி உரைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ஆய்வுப் பொருள் ஓர் ஊர்வல ஆட்டம். முன்னணி மேளக்காரர் குறிப்பு அடி கொடுத்ததும் ஆட்டக்காரர்கள் காலடியை மாற்றுகிறார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பல இடங்களில் ஆட்டக்காரர்கள்தான் முந்துகிறார்கள், சராசரியாக 50 மில்லி செகண்ட். மேளம் ஆட்டத்தை நடத்துகிறதா, ஆட்டம் மேளத்தை நடத்துகிறதா என்பதே உரையின் மையம். கையில் இருப்பது ஒரே கேமராவில், அதன் மைக்கிலேயே, செகண்டுக்கு 25 ஃபிரேம் வேகத்தில் எடுத்த 6 மணி நேரப் பதிவு.

என் சந்தேகங்கள்: சுருக்கம் 300 சொல்லுக்குள் வேண்டும் என்கிறார்கள், அதில் எதை வைப்பது, எதை விடுவது? 20 நிமிடத்தில் எத்தனை கிளிப் காட்டலாம்? நடன அசைவை எழுதும் லபான் குறியீடு, இசையை ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய ஸ்டாஃப் குறியீடு இவையெல்லாம் இல்லாமல் போனால் மதிப்பார்களா? இந்த ஆட்டத்தையே பார்த்திராத சபை முன்னால் எதிலிருந்து தொடங்குவது?

---

பதில்: சதங்கைமணி

முதலில் எந்த மாநாடு என்பதைப் பாருங்கள். 1947-இல் லண்டனில் சர்வதேச நாட்டார் இசைக் கவுன்சிலாகத் தொடங்கி, 1981-இல் ஐசிடிஎம் (மரபு இசைக்கான சர்வதேசக் கவுன்சில்) ஆகி, 2023-இல் பெயரிலேயே நடனத்தையும் சேர்த்துக்கொண்டு ஐசிடிஎம்டி (இசை, நடன மரபுகளுக்கான சர்வதேசக் கவுன்சில்) ஆன அமைப்பின் உலக மாநாடு இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பது. 2023-இல் கானாவில், 2025 ஜனவரியில் நியூசிலாந்தின் வெலிங்டனில் நடந்தது. ஒரே நேரத்தில் பல அரங்குகளில் அமர்வுகள் ஓடும். உங்கள் அரங்கில் பதினைந்து பேர்தான் இருந்தார்கள் என்றால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே அது வழக்கம்.

அதே அமைப்பின் ஆய்வுக் குழுக்கள் நடத்தும் சிறு கருத்தரங்குகள் வேறு மாதிரி. நடன ஆய்வுக் குழுவின் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அசைவை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். உங்கள் பொருளுக்கு அதுதான் சரியான சபை என்பது என் கருத்து. 1955-இல் அமெரிக்காவில் தொடங்கிய இன இசையியல் சங்கத்தின் கூட்டம் ஆண்டுதோறும் நடக்கும், ஆனால் கூட்டமும் பெரிது, போட்டியும் பெரிது.

இனி சுருக்கம். பெரும்பாலான சுருக்கங்கள் விழுவது ஒரே இடத்தில்: 300 சொல்லில் 200-ஐ ஆட்டத்தின் வரலாறும் பெருமையும் தின்றுவிடும். மதிப்பிடுபவர் தேடுவது என்ன கேள்வி, என்ன சான்று, என்ன கிடைத்தது, அதனால் யாருடைய வாதம் அசைகிறது என்பதைத்தான். ஆட்டத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் போதும். மூன்றாவது வாக்கியத்திலேயே கேள்வி வந்துவிட வேண்டும். அடுத்து எத்தனை மணி நேரப் பதிவு, அதில் எத்தனை காலடி மாற்றங்களை அளந்தீர்கள், எப்படி அளந்தீர்கள். பிறகு முடிவு, அதையும் எண்ணோடு. கடைசி இரண்டு வாக்கியம் இது எந்த விவாதத்தில் போய்ச் சேர்கிறது என்பதற்கு. ஆடுவோரும் வாசிப்போரும் தாளத்தில் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொள்வது பற்றி மார்ட்டின் கிளேட்டன் போன்ற இன இசையியலாளர்கள் எழுதியிருப்பது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும்.

‘ஆராயப்படும்’, ‘விவாதிக்கப்படும்’ என்று எதிர்காலத்திலேயே எழுதாதீர்கள். களப்பணி இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். அழைப்பு அறிக்கையில் உள்ள கருப்பொருள்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, அது உங்கள் கேள்வியிலேயே தெரியும்படி செய்யுங்கள். கடைசி வரியில் கொண்டுபோய் ஒட்டினால் ஒட்டு தெரியும். பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடு என்றால் ‘என் முந்தைய கட்டுரையில்’ போன்ற தொடர்களை எடுத்துவிடுங்கள்.

நிர்வாகச் சங்கதி ஒன்று. உரையாற்றுபவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது ஐசிடிஎம்டி விதி. உறுப்பினர் கட்டணம் வேறு, மாநாட்டுப் பதிவுக் கட்டணம் வேறு. ஒன்றைக் கட்டிவிட்டு இன்னொன்றுக்கும் சேர்த்தே கட்டியாகிவிட்டது என்று இருந்தால் நிரலில் பெயர் இருக்காது. விசா வேண்டிய நாடு என்றால், ஏற்புக் கடிதம் வந்த அன்றே அழைப்புக் கடிதமும் கேட்டுவிடுங்கள்.

---

பதில்: ஒலிக்கம்பம்

சுருக்கத்தை எழுதுவதற்கு முன் அந்த 50 மில்லி செகண்டைச் சோதியுங்கள். அது நின்றால்தான் உரையே நிற்கும்.

கேமராவின் மைக்கிலேயே ஒலி பதிவானது என்கிறீர்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒலி செகண்டுக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும், அதாவது ஒரு மீட்டருக்கு 3 மில்லி செகண்டுக்குச் சற்றுக் குறைவு. கேமரா மேளத்திலிருந்து 10 மீட்டரில் இருந்தால் மேளச் சத்தம் படத்தைவிட 29 மில்லி செகண்ட் பிந்தி விழும். 15 மீட்டர் என்றால் 44. கால் விழுவதை நீங்கள் படத்தில் அளக்கிறீர்கள், மேள அடியை ஒலியில் அளக்கிறீர்கள். ஒலி எப்போதும் பிந்தித்தான் வரும். ஆகவே ஆட்டக்காரர் முந்துகிறார் என்ற தோற்றத்தைக் கேமரா நின்ற தூரமே உண்டாக்கிவிடும். பிழை இரு பக்கமும் சிதறினால் பரவாயில்லை. இது உங்கள் முடிவுக்குச் சாதகமான பக்கமாக மட்டும் சாய்கிறது. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ‘மைக் எங்கே இருந்தது?’ என்று கேட்டால் அதோடு கதை முடிந்தது.

சரிசெய்ய வழி உண்டு. மேளக்காரரின் குச்சி தோலைத் தொடும் ஃபிரேம் தெளிவாகத் தெரிகிற அடிகளாக இருபதைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றிலும் குச்சி தொட்ட நேரத்துக்கும் ஒலி அலை எழும்பும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள். இருபதின் சராசரிதான் அந்த இடத்தில் ஒலியின் தாமதம். ஊர்வலம் நகர்ந்துகொண்டே இருக்கும், தூரமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு எண்ணை வைத்து 6 மணி நேரத்தையும் திருத்த முடியாது. நீங்கள் ஆய்வுக்கு எடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். இன்னும் எளிய வழி, அந்தத் துண்டுகளில் மேள அடியையும் படத்திலேயே அளப்பது. குச்சியும் காலும் ஒரே ஃபிரேமில் தெரிந்தால் ஒலியின் தாமதம் என்ற பேச்சே இல்லை.

செல்போனில் எடுத்ததா? அப்படியானால் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது, வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். எஃப்எஃப்எம்பெக் அல்லது ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே ஃபிரேம்களைக் குறிக்கும் வேலையைத் தொடங்குங்கள். மாற்றாமல் ஈலானில் (வீடியோவில் நேரக் குறிப்புகள் இடும் மென்பொருள்) திறந்தால் போகப் போகப் படமும் ஒலியும் விலகும்.

ஈலானில் வரிசைகளைப் பிரித்து வையுங்கள்: குறிப்பு அடி ஒன்று, முன்னாட்டக்காரரின் வலது கால் ஒன்று, இடது கால் ஒன்று, பின்வரிசைக்கு ஒன்று. ‘கால் விழுந்தது’ என்றால் குதிகால் தொட்டதா, முழுப் பாதம் பதிந்ததா என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பாதி வழியில் மாற்ற வேண்டாம். பத்தில் ஒரு பங்கை வேறொருவரைக் குறிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒப்பீட்டு எண்ணை ஸ்லைடில் போட்டால் பாதிக் கேள்விகள் எழாமலே போகும்.

அடுத்த முறை களத்துக்குப் போனால் 50 ஃபிரேமில் எடுங்கள், தனி ரெக்கார்டரை மேளக்காரரின் அருகே வையுங்கள். அந்த மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று, கேமராவுக்குத் தெரியும்படி தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தட்டினால் அதே தூரச் சிக்கல் மறுபக்கமாக வரும். முடிவிலும் தட்டச் சொல்வது ஏனென்றால், இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. நீண்ட பதிவில் சில ஃபிரேம் வரை விலகிப் போகும்.

---

அடவுக்கணக்கு

ஒலிக்கம்பம் ஐயா, நன்றி. செல்போன் இல்லை, கேமராதான். அளந்த துண்டுகளில் கேமராவுக்கும் மேளத்துக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 12 மீட்டர். கணக்குப் போட்டால் 35 மில்லி செகண்ட் ஒலித் தாமதத்துக்கே போய்விடுகிறது. மிச்சம் 15. ஒரு ஃபிரேமே 40 மில்லி செகண்ட் என்னும்போது இந்த 15-ஐ வைத்து ஏதாவது சொல்ல முடியுமா? இல்லை, பொருளையே மாற்றிக்கொள்ள வேண்டுமா?

---

பதில்: ஒலிக்கம்பம்

பொருளை மாற்ற வேண்டாம், சான்றை மாற்றுங்கள்.

ஃபிரேமைவிடச் சிறிய வித்தியாசத்தையும் சராசரியில் பிடிக்கலாம். 40 மில்லி செகண்ட் ஃபிரேமில் ஒவ்வொரு அளவும் அங்குமிங்கும் தவறுவதன் திட்ட விலக்கம் (சிதறலின் அளவு) சுமார் 11.5 மில்லி செகண்ட். நூறு மாற்றங்களை அளந்தால் இந்தக் காரணத்தால் சராசரியில் வரும் பிழை 1.2 ஆகக் குறையும். ஆனால் சராசரி எடுப்பது சிதறலைத்தான் குறைக்கும், ஒரே பக்கச் சாய்வைக் குறைக்காது. தூரத்தை ஒரு மீட்டர் தப்பாக எடுத்திருந்தால் அந்த 3 மில்லி செகண்ட் ஆயிரம் அளவு எடுத்தாலும் அப்படியே நிற்கும். அதனால் 15-ஐத் தாங்குதூணாக வைக்காதீர்கள்.

அடிப்படைச் சிக்கல் வேறு. கால் தரையைத் தொடும் கணத்தை வைத்து யார் முடிவெடுத்தார்கள் என்று சொல்லவே முடியாது. தாளத்தில் விழ வேண்டிய கால் அதற்கு வெகு முன்பே உயர்ந்திருக்க வேண்டும். எடை மறுகாலுக்கு மாறியிருக்க வேண்டும், இடுப்பு திரும்பியிருக்க வேண்டும். ஆகவே தொடுவதை விட்டுவிட்டு, உடல் மாற்றத்துக்குத் தயாராகத் தொடங்கும் ஃபிரேமைக் குறியுங்கள். அங்கே வித்தியாசம் சில ஃபிரேம்களாவது இருக்கும், மைக் தூரம் அதை விழுங்காது.

இன்னொரு சான்று இதைவிட வலுவானது: பிசகிய இடங்கள். குறிப்பு அடி கொடுத்தும் ஆட்டக்காரர்கள் மாறாத இடம் இருக்கிறதா? குறிப்பு வராமலே முன்னாட்டக்காரர் மாறி, மேளம் பின்னால் ஓடிவந்து சேர்ந்த இடம் இருக்கிறதா? எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது இருவரும் சேர்ந்தே போவார்கள், யார் முன் யார் பின் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒத்துப்போகாத இடத்தில்தான் அது வெளியே தெரியும். 6 மணி நேரத்தில் அப்படி நாலைந்து இடம் கிடைத்தாலும் உரைக்குப் போதும். அதில் ஒன்றுதான் உங்கள் முக்கிய கிளிப்.

---

பதில்: கட்டம்போட்டவன்

குறியீடு பற்றி யாரும் சொல்லவில்லையே.

லபான் குறியீடு 1928-இல் வந்தது. கீழிருந்து மேலாகப் படிப்பது. நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் உடலின் இடப்பாதி, வலப்பக்கம் வலப்பாதி. சின்னத்தின் நீளம் அசைவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் காட்டும். எடை மாற்றத்தைக் காட்ட அதைப்போல் துல்லியமானது வேறில்லை. ஆனால் இசைக்காரர்கள் நிறைந்த அரங்கில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. முழு ஆட்டத்தையும் எழுதித் திரையில் போட்டால் யாரும் படிக்கப் போவதில்லை, மிரட்டுவதற்குத்தான் பயன்படும். காலடி மாறும் அந்த ஓர் ஆவர்த்தத்தை மட்டும் எழுதுங்கள்.

ஸ்டாஃப் குறியீட்டில் வேறொரு ஆபத்து. பார் கோடு (தாளச் சுற்றுகளைப் பிரிக்கும் செங்குத்துக் கோடு) போட்ட கணமே முதல் எண்ணிக்கை எங்கே என்று நீங்கள் தீர்ப்பு சொன்னதாகிவிடும். மேற்கு ஆப்பிரிக்க எவே மக்களின் மணித்தாளத்தைப் பாருங்கள்: 12 துடிப்பில் 7 அடி, இடைவெளி 2-2-1-2-2-2-1. அதை எங்கே தொடங்கி எழுதுவது, எங்கே அழுத்தம் என்பதற்காகவே ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள். உங்கள் கேள்வி யார் முந்துகிறார் என்பது. அதற்கு பார் கோடு எதற்கு?

எளிய படம் போதும். கிடையாக நேரம் ஓடட்டும். மேல் வரிசையில் மேள அடிகள், கீழ் வரிசையில் முன்னாட்டக்காரரின் கால், அதற்கும் கீழே பின்வரிசையின் கால். துடிப்புக்கு ஒரு கட்டமாக மெல்லிய கோடுகள். தயாராகத் தொடங்கும் இடத்துக்கு வெற்றுப் புள்ளி, தரை தொடும் இடத்துக்கு நிறைத்த புள்ளி. நடனக்காரருக்கும் புரியும், இசைக்காரருக்கும் புரியும்.

மேளத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டியதில்லை. 1914-இன் ஹார்ன்போஸ்டல்–சாக்ஸ் இசைக்கருவி வகைப்பாட்டு எண்ணை ஸ்லைடின் ஓரத்தில் போட்டுவிடுங்கள். இருமுக உருளை மேளம் என்றால் 211.212. தெரிந்தவர் புரிந்துகொள்வார், தெரியாதவருக்குப் படம் இருக்கிறது.

---

பதில்: சதங்கைமணி

கட்டம்போட்டவன் சொல்வதில் ஒரு சின்ன மறுப்பு. நடன ஆய்வுக் குழுவின் கூட்டமாக இருந்தால் லபான் குறியீட்டைக் கைத்தாளாகவாவது கொடுங்கள். அங்கே படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு, உங்கள் படத்தில் இல்லாத கேள்வியை அதிலிருந்துதான் எடுப்பார்கள். டோங்கா நடனத்தின் மிகச்சிறிய அசைவு அலகுகளைப் பிரித்துக் காட்டிய ஆய்வாளர் ஏட்ரியன் கேப்லர் 2005 முதல் 2013 வரை ஐசிடிஎம் தலைவராக இருந்தவர். அசைவை அலகாகப் பிரித்து வாதிடுவது அந்தச் சபைக்குப் பழகிய வழி.

---

பதில்: பின்வரிசை

அரங்கில் நடப்பதைச் சொல்கிறேன்.

20 நிமிட உரை, 10 நிமிடக் கேள்வி என்பதுதான் வழக்கம். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்களில் பலருக்கும் அது தாய்மொழி இல்லை, அதற்கு மேல் வேகம் கூடாது. கிளிப்புக்கு 4 நிமிடம், திறந்து மூடுவதில் 1 நிமிடம் போனால் பேச்சுக்கு 15, அதாவது 1800 சொல். இதற்கு மேல் எழுதியிருந்தால் வீட்டிலேயே வெட்டுங்கள். மேடையில் வெட்டினால் எப்போதும் முடிவுரைதான் வெட்டுப்படும்.

கிளிப் மூன்று போதும். முதலாவது, உரை தொடங்கிய முதல் நிமிடத்தில், 40 செகண்ட், நீங்கள் வாய் திறக்காமல். ஆட்டத்தைப் பார்த்திராத சபைக்கு அதுதான் அறிமுகம். இரண்டாவது, குறிப்பும் மாற்றமும் ஒழுங்காக நடக்கும் இடம், 20 செகண்ட். மூன்றாவது, பிசகிய இடம்: ஒருமுறை இயல்பான வேகத்தில், ஒருமுறை பாதி வேகத்தில் ஒலியில்லாமல், மறுபடி இயல்பான வேகத்தில். மூன்றாம் தடவை பார்க்கும்போதுதான் சபைக்குக் கண் திறக்கும். அதைச் சுருக்காதீர்கள்.

வீடியோ எம்பி4, எச்.264 ஆக இருக்கட்டும். ஸ்லைடுக்குள் பதித்தும் வையுங்கள், தனிக் கோப்பாகவும் பென்டிரைவில் வையுங்கள். உங்கள் அமர்வுக்கு முந்தைய இடைவேளையில் அரங்கின் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள், ஒலியோடு. எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் ஒலி புரொஜெக்டருக்குப் போய்விடும், அரங்க ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. ஒலி வெளியேறும் சாதனத்தைக் கையால் மாற்ற வேண்டும். யாராவது உதவி செய்கிறேன் என்று ப்ளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவந்தால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். அதன் தாமதம் 100 மில்லி செகண்டைத் தாண்டுவது சாதாரணம். வேறு எந்த உரையானாலும் பரவாயில்லை, உங்கள் உரைக்கு அது விஷம்.

இதிலே ஒரு வேடிக்கை. ஸ்பீக்கர் முன்னால் மட்டும் இருக்கும் அரங்கில் 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு ஒலி 58 மில்லி செகண்ட் பிந்தித்தான் கேட்கும். நீங்கள் எவ்வளவு திருத்தி வைத்தாலும் கடைசி வரிசைக்கு ஆட்டக்காரர் முந்துவதாகவே தெரியும்! அதனால்தான் கட்டம்போட்டவன் சொன்ன படம் கட்டாயம் வேண்டும்.

இணையவழியிலும் கேட்பவர்கள் இருந்தால், ஜூமில் திரையைப் பகிரும்போது ஒலியைப் பகிரும் கட்டத்தையும் வீடியோவுக்கு உகந்ததாக்கும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். கிளிப்பை அரங்க மைக் வழியாகப் போகவிட்டால் இரைச்சல் நீக்கும் வசதி மேளத்தை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். பேச்சு கேட்கும், மேளம் கேட்காது.

---

அடவுக்கணக்கு

பிசகிய இடங்களைத் தேடத் தொடங்கிவிட்டேன். கடைசியாக ஒன்று: அதில் இருப்பது தவறு நேர்ந்த கணம். ஆட்டக்காரர்கள் தங்கள் பிசகை உலகத்துக்குக் காட்டுவதாக வருத்தப்படலாம். ஊர்வலத்தின் ஒரு பகுதி சடங்கும்கூட. உரைகளை நேரலையில் விடுவோம் என்றும் அறிவித்திருக்கிறார்கள்.

---

பதில்: சதங்கைமணி

பதிவுசெய்ய அனுமதி, அரங்கில் காட்ட அனுமதி, இணையத்தில் போக அனுமதி, இவை மூன்றும் தனித்தனி. முதலாவதைத் தந்தவர்கள் மூன்றாவதையும் தந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காட்டப்போகும் துண்டையே அவர்களிடம் போட்டுக் காட்டிக் கேளுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர் என்றால் சம்மதத்தைக் குரலாகப் பதிவு செய்யலாம். தேதியும் எந்தத் துண்டு என்பதும் அதிலேயே இருக்கட்டும். இப்படிப் போட்டுக் காட்டுவதில் ஆய்வுக்கும் லாபம் உண்டு. நீங்கள் பிசகு என்று குறித்து வைத்திருப்பதை அவர்கள் ‘இல்லை, அங்கே தெரிந்தேதான் தாமதித்தோம்’ என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அதுவே உரையின் முக்கியமான வரி.

நேரலைக்கு மறுத்தார்கள் என்றால் அமர்வுத் தலைவருக்கு முன்கூட்டியே எழுதி, அந்த கிளிப் ஓடும்போது மட்டும் ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லுங்கள். அரங்கில் செல்போனில் எடுக்க வேண்டாம் என்ற வரியை ஸ்லைடிலேயே போடுங்கள். சடங்குப் பகுதிக்கு அனுமதி இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம், காலடி மாற்றம் மற்ற இடங்களிலும் இருக்கிறதே. அவர்களே விரும்பினால் மேளக்காரர், முன்னாட்டக்காரர் பெயர்களை முதல் கிளிப் ஓடும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

---

பதில்: பின்வரிசை

கேள்வி நேரத்துக்கு இரண்டு உபரி ஸ்லைடு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கேமரா, மேளம், ஆட்டக்காரர்கள் நின்ற இடமும் தூரமும். இன்னொன்றில் அளந்த மாற்றங்கள் எல்லாவற்றின் அட்டவணை. 10 நிமிடத்தில் நாலைந்து கேள்விதான் வரும், அதில் ஒன்றாவது கேள்வியே இல்லாத சொற்பொழிவாக இருக்கும். ‘எங்கள் ஊர் ஆட்டத்திலும்…’ என்று தொடங்குபவரிடம், குறிப்பு கொடுப்பது அங்கே யார் என்று திருப்பிக் கேளுங்கள். உபயோகமான பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

தலைவர் 5 நிமிட அட்டையைக் காட்டும்போது மூன்றாவது கிளிப் இன்னும் ஓடியிருக்காவிட்டால், நடுவில் உள்ள கோட்பாட்டு ஸ்லைடுகளைத் தாண்டி நேராக அதற்குப் போய்விடுங்கள்.